டி.என்.ஏ.வில் யுராசில் ஏன் இல்லை?

மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்று நான்கு காரங்கள்; அச்செய்தியின் எழுத்துகள் இவைதான். டி.என்.ஏ.வைப் பார்த்துப் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.விலும் நான்குதான், ஆனால் தைமின் இருக்க வேண்டிய இடத்தில் யுராசில் இருக்கும். பள்ளியில் இதை மனப்பாடம் செய்திருப்போம். ஏன் இந்த ஒன்று மட்டும் மாறுகிறது என்று கேட்பதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும். உயிர் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

முதலில் காரங்களின் வேலையைப் பார்ப்போம். எந்த உயிரினத்தின் டி.என்.ஏ.வை எடுத்தாலும் அடினைனும் தைமினும் ஏறக்குறைய சம அளவில் இருக்கின்றன, குவானைனும் சைட்டோசினும் அப்படியே என்று உயிர் வேதியியலாளர் எர்வின் சார்காஃப் 1950-இல் எழுதினார். காரணம் 1953-இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த, இரண்டு இழைகள் கொண்ட டி.என்.ஏ. அமைப்பில் தெரிந்தது. இரட்டை வளையம் கொண்ட அடினைன், ஒற்றை வளையத் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்கிறது. குவானைன் சைட்டோசினோடு மூன்றால். இந்த இணைகள் மாறாமல் இருப்பதால்தான் ஓர் இழையைப் பார்த்து மற்றொன்றைப் படியெடுக்க முடிகிறது.

அடினைனோடு இணைய யுராசிலாலும் முடியும், அதுவும் குறைவின்றி. தைமின் என்பது ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு அணுக்கூட்டம்) கூடுதலாக ஒட்டிய யுராசில்தான். இணையும் பக்கத்தில் அந்த மெத்திலுக்கு எந்த வேலையும் இல்லை. அதை ஒட்டுவதற்கென்றே செல் தனி நொதி வைத்திருக்கிறது, ஆற்றலையும் செலவிடுகிறது. எதற்காக?

விடை சைட்டோசினிடம் இருக்கிறது. நீர் சூழ்ந்த செல்லுக்குள் சைட்டோசின் அவ்வப்போது தன் அமினோ தொகுதியை (நைட்ரஜன் கொண்ட ஓர் அணுக்கூட்டத்தை) இழந்துவிடும். அப்போது அது யுராசிலாகிவிடுகிறது. மனிதச் செல் ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு முறை இது நடக்கிறது. கவனிக்காமல் விட்டால், அடுத்த படியெடுப்பில் அந்த யுராசிலுக்கு எதிரே குவானைனுக்குப் பதில் அடினைன் வந்து உட்காரும். மரபுச் செய்தியில் ஓர் எழுத்து நிரந்தரமாக மாறிவிடும்.

இதைத் தடுக்கும் நொதியை 1974-இல் தோமஸ் லிண்டால் கண்டறிந்தார், டி.என்.ஏ. பழுதுபார்ப்பு குறித்த ஆய்வுகளுக்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த நொதி இழையில் யுராசிலைக் கண்டால் அதை வெளியே திருப்பி, இழையில் அது ஒட்டியிருக்கும் சர்க்கரையிலிருந்து வெட்டி எறிகிறது. பிற நொதிகள் அங்கே மீண்டும் சைட்டோசினை வைக்கின்றன. டி.என்.ஏ.வின் வழக்கமான எழுத்தாகவே யுராசில் இருந்திருந்தால், எது உரிய யுராசில், எது சிதைந்த சைட்டோசின் என்று நொதிக்கு எப்படித் தெரியும்? அந்தச் சின்ன மெத்தில்தான் அடையாள முத்திரை.

பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைத் தாக்கும் பி.பி.எஸ்.2 என்ற வைரஸ் இதற்கு அருமையான சான்று. அதன் டி.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசிலே இருக்கிறது. அதனால் பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும், இந்தப் பழுதுபார்க்கும் நொதியை முடக்கும் புரதம் ஒன்றை அது உருவாக்கியாக வேண்டியிருக்கிறது. ஆர்.என்.ஏ.வுக்கு இந்தக் கவலை குறைவு. பெரும்பாலும் சிறிது நேரம் வேலை செய்துவிட்டுச் சிதைந்துபோகிற படி அது.

ஆனால் இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. மரபணுக்களை அடக்கிவைக்க நம் செல்கள் சில சைட்டோசின்களிலும் மெத்தில் ஒட்டுகின்றன. அப்படிப்பட்ட சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்தால் யுராசிலாக மாறுவதில்லை, நேரடியாகத் தைமினாகிவிடுகிறது. முத்திரையோடு நிற்கும் தைமினை அந்நியன் என்று கண்டுபிடிப்பது கடினம். சைட்டோசினை அடுத்துக் குவானைன் வரும் இடங்களில்தான் இந்த மெத்தில் பெரும்பாலும் ஒட்டப்படுகிறது. பரிணாமத்தின் நீண்ட காலத்தில் அந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, மனித டி.என்.ஏ.வில் எதிர்பார்க்கும் அளவைவிட மிகக் குறைவாகவே இன்று எஞ்சியிருக்கின்றன.