வெறும் துணிதானே என்று நினைக்காதீர்கள்

பாலிஷ் போடும் துணிச் சக்கரத்தில் கத்தியைப் பறிகொடுத்து என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த கத்தியின் நுனி நகமளவு ஒடிந்திருந்தது. தொடையில் தையல் போட்டிருந்ததால் உட்காரவே சிரமப்பட்டார். "சாணைக்கல்லில் ஜாக்கிரதையாகத்தான் பிடித்தேன். பாலிஷ் போடும்போதுதான் கையைவிட்டுப் பறந்துவிட்டது. அது வெறும் துணிதானே?" என்றார்.

துணிதான். அதுதான் பிரச்சினையே! சாணைக்கல் கெட்டியானது, கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, அதற்குள் இறங்காது. பஃப் சக்கரம், அதாவது பாலிஷ் போடும் துணிச் சக்கரம், மெத்தென்று இருக்கும். வாய் கொஞ்சம் எதிராகத் திரும்பினாலும் துணிக்குள் புதைந்துகொள்ளும். சக்கரம் நிற்காது, கத்தியைப் பிடுங்கி எறியும். நிமிடத்துக்கு 2850 சுற்று ஓடும் மோட்டாரில் 20 செ.மீ. சக்கரம் மாட்டினால், அதன் விளிம்பு மணிக்கு சுமார் 107 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதோடு இழுபறி நடத்த யாருக்கும் கை கிடையாது. "இறுக்கிப் பிடித்தால் போதும்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். நான் இத்தனை வருடமாகப் பிடிக்கிறேன், என்னாலும் முடியாது.

மேசையில் பொருத்தும் மோட்டார் சாணையான பெஞ்ச் கிரைண்டரில், சக்கரத்தின் உங்களைப் பார்த்த பக்கம் மேலிருந்து கீழே ஓடும். அதனால் வாய் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். துணி முதுகுப் பக்கம் ஏறி வாய்ப்பக்கம் வழிந்து போக வேண்டும். சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே வைத்துத் தேயுங்கள். தவறிப்போனாலும் கத்தி உங்களை விட்டு அந்தப் பக்கம்தான் போகும். மேல்பாதியில் வைக்கவே வைக்காதீர்கள். நுனி வரும்போது அழுத்தத்தைக் குறையுங்கள், பெரும்பாலும் மாட்டுவது அங்கேதான். கையுறை வேண்டாம், அதையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கத்தி நழுவினால் விட்டுவிடுங்கள், பிடிக்கப் போகாதீர்கள்!

சாணைக்கல்லில் செய்கிற தப்பு வேறு, சூடேற்றிவிடுவது. வாய் நீலம் பாய்ந்துவிட்டால் பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் தண்ணீரில் முக்கினாலும் திரும்பாது.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? பளபளப்பு வேறு, கூர் வேறு. பஃபில் அதிகம் தேய்த்தால் வாய் மழுங்கி உருண்டுதான் போகும். சமையலறைக் கத்திக்கு 1000 எண் தண்ணீர்க்கல், அதாவது தண்ணீர் விட்டுக் கையால் தேய்க்கும் கல், போதும். இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் தேய்த்து, விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல வருடிப் பாருங்கள். வாயோரம் மெல்லிய உலோகப் பிசிறு தட்டுப்படும். அதைத் தோல்பட்டையில் நாலைந்து முறை, முதுகு முன்னே போக வாய் பின்னால் வரும்படி இழுத்து எடுத்துவிட்டால் தக்காளித் தோல் தானாக விலகும். மோட்டாரே வேண்டாம். தயவுசெய்து இதை முதலில் பழகுங்கள்.

வந்தவருடைய கத்திக்குப் புது நுனி எடுத்துக் கூர் வைத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் பளபளப்பு மட்டும்..." என்று இழுத்தார்.