கள்ளிக்குள் குடியிருக்கும் முள்வால் இகுவானா

மத்திய அமெரிக்கா என்றால் அடர்ந்த மழைக்காடுதான் நினைவுக்கு வரும். கிழக்கு குவாத்தமாலாவின் மொத்தாகுவா பள்ளத்தாக்கில் அந்தப் பேச்சே இல்லை. கரீபியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை வடக்கே 3,000 மீட்டர் வரை உயர்ந்த சியர்ரா டெ லாஸ் மினாஸ் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. அதனால் பள்ளத்தாக்கின் வறண்ட பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். முள்மரங்களும் தூண் தூணாய் நிற்கும் கள்ளிகளும்தான் இங்கே காடு. வேறெங்கும் இயற்கையாக இல்லாத, பல்லி இனத்தைச் சேர்ந்த ஒரு முள்வால் இகுவானா இங்கே வாழ்கிறது. அறிவியல் பெயர் டெனோசாரா பலேரிஸ்.

படங்களில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வால்தான். வளையம் வளையமாகச் சுற்றிவரும் தடித்த முள்செதில்கள். இதைச் சாட்டையாகவும் வீசும் என்றாலும், வாலின் அருமை தெரிவது பொந்துக்குள்தான். ஆபத்து என்றால் இகுவானா உள்ளே பொந்து விழுந்த கிளைக்குள் தலையை முதலில் நுழைத்துக்கொள்ளும். வால் வாசலில் கிடக்கும். அப்புறம் நுரையீரலில் காற்றை நிரப்பி உடலை உப்பவைத்துச் சுவரோடு இறுக்கிக்கொள்ளும். முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், வெளியே இழுக்க இழுக்க அவை சுவரில் மாட்டிக்கொள்ளும். வாசலில் தாழ்ப்பாள் போட்ட மாதிரிதான். ஆனால் பொந்து உடலுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அதனால் பழைய மரங்களும் முதிர்ந்த கள்ளிகளும் இல்லாத இடத்தில் இதற்குப் பிழைப்பில்லை.

வீடு தரும் கள்ளி சோறும் போடுகிறது. ஸ்டெனோசீரியஸ் புரூயினோசஸ் என்ற தூண்கள்ளியின் பழம் இதற்கு முக்கியமான உணவு. உள்ளூர்க்காரர்கள் இந்த இகுவானாவைக் கள்ளியின் பெயரோடு சேர்த்தே அழைக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, பழத்துக்குப் பிறகு நடப்பது. சதை செரித்துப்போகும், விதை செரிக்காமல் எச்சத்தோடு வேறிடத்தில் விழும். குவாத்தமாலாவில் நடந்த சோதனையில், இகுவானாவின் குடலைக் கடந்துவந்த விதைகள் மற்ற விதைகளைவிட நன்றாக முளைத்தன. ஆக, நாளைய பொந்துகளுக்கான கள்ளியை இன்றைக்கே விதைப்பதில் இகுவானாவுக்கும் பங்கு உண்டு.

பாம்புக்கும் பறவைக்கும் ஈடுகொடுக்கும் வால், மனிதரிடம் உதவுவதில்லை. இறைச்சிக்கும் முட்டைக்கும் பிடிக்கிறார்கள். வெளிநாடுகளில் செல்லப்பிராணியாக விற்கவும் கடத்துகிறார்கள். பெண் ஒரு தடவைக்குப் பத்து முட்டை அளவில்தான் இடும் என்பதால், இழப்பு சீக்கிரம் ஈடாவதில்லை. காடோ மேய்ச்சலுக்கும், ஏற்றுமதிக்கான முலாம்பழத் தோட்டங்களுக்கும் சுருங்கிவருகிறது. 2010இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்த்த பிறகு, பன்னாட்டு விற்பனைக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம்.

சகாபா மாவட்டத்துக் கபானியாஸில் வறண்ட காட்டுக்கென ஒரு காப்பிடம் இருக்கிறது. அது முதன்மையாக இகுவானாவுக்காக அமைந்தது அல்ல; இதே பள்ளத்தாக்கில் வாழும் நச்சுப்பல்லியான ஹீலோடெர்மாவுக்காக. ஊரார் கண்டால் அடித்துக் கொன்றுவந்த அந்தப் பல்லியின் தயவில், இகுவானாவின் கள்ளிகளும் அங்கே வெட்டுப்படாமல் நிற்கின்றன.