வெப்பமானிக்கு வெப்பத்தை அளக்கத் தெரியாது

அதற்குத் தெரிந்ததெல்லாம் வெப்பநிலை மட்டும்தான். ஒரு டம்ளர் வெந்நீரும் ஒரு வாளி வெந்நீரும் ஒரே 80 டிகிரியைக் காட்டலாம். ஆனால் ஆறி முடிவதற்குள் வாளி வெளிவிடும் வெப்பம் பல மடங்கு அதிகம். அதனால் வேதிவினையில் வரும் வெப்பத்தை அளக்கச் சுற்றுவழிதான் உண்டு. எடை தெரிந்த தண்ணீரில் அதைப் பிடித்து, தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியது என்று பார்க்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 ஜூல் (ஆற்றலின் அலகு) வேண்டும்.

இதற்கு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு தெர்மோகோல் கப்பே போதும். 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்; மோல் என்பது வேதிப்பொருளின் அளவைச் சொல்லும் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. இரண்டும் 25 டிகிரியில் இருக்கும்போது கலந்து, மூடிவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியைப் படிக்க வேண்டும். பாதரசம் சட்டென்று ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும். உச்சத்தில் காட்டிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. அதற்குள்ளேயே கொஞ்சம் வெப்பம் நழுவியிருக்கும். வரைபடத்தில் இறங்கும் கோட்டைக் கலந்த நொடி வரை பின்னோக்கி நீட்டிப் பார்த்தால்தான் உண்மையான ஏற்றம் தெரியும். அது 6.7 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் × 4.18 × 6.7, ஏறக்குறைய 2,800 ஜூல். வினைபுரிந்தது 0.05 மோல்; ஆக மோலுக்கு 56 கிலோஜூல்.

அமிலத்தை நைட்ரிக் என்றும் காரத்தை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றும் மாற்றினாலும் கிட்டத்தட்ட இதே எண்தான் வரும். ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து தண்ணீராவதுதான் அங்கே நடக்கும் ஒரே வினை. மற்ற அயனிகள் வேடிக்கை பார்க்கின்றன.

பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும், புதிதாக அமையும்போது வரவாகும். வரவு மிஞ்சினால் வெப்ப உமிழ்வினை, செலவு மிஞ்சினால் வெப்பக்கொள்வினை. உமிழ்வினையின் வெப்பமாற்றத்துக்கு ஏன் மைனஸ் குறி என்று குழம்புகிறவர்கள் நிறைய. கணக்கை எழுதுவது வேதிப்பொருள்களின் பக்கத்திலிருந்து. அவை இழக்கின்றன, அதனால் மைனஸ்.

வெப்பமானியே இல்லாமலும் அளந்திருக்கிறார்கள். 1782-83 குளிர்காலத்தில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாசும் வினையைப் பனிக்கட்டிக்கு நடுவே நடத்தி, உருகி வழிந்த தண்ணீரை எடைபோட்டார்கள். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு கிராம் பனி உருக 334 ஜூல் பிடிக்கும். ஜூல் என்ற அலகு அப்போது பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

சில வினைகள் இந்தப் பொறி எதிலும் சிக்காது. கார்பனைக் கார்பன் மோனாக்சைடாக மட்டும் எரிக்கப் பார்த்தால், அதில் ஒரு பங்கு நம்மைக் கேட்காமலே கார்பன் டை ஆக்சைடு வரை போய்விடும். சரி, 1840-இல் வேதியியலாளர் ஹெஸ் சொன்ன விதியைப் பிடித்துக்கொள்ளலாம்: எந்த வழியாகப் போனாலும் மொத்த வெப்பமாற்றம் ஒன்றுதான். கார்பன் முழுதாக எரிந்தால் மோலுக்கு −393.5 கிலோஜூல், மோனாக்சைடு எரிந்தால் −283. கழித்தால் −110.5.