கையெழுத்துப் போட்டுவிட்டால் ஓ.டி. கேட்க முடியாதா?

தொழிலாளர் வழக்குகளில் நிர்வாகத் தரப்பு சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பன்னிரண்டு மணி நேர வேலை, இவ்வளவு சம்பளம் என்று சொல்லித்தான் சேர்த்தோம். சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார்." வருத்தம் என்னவென்றால், தொழிலாளியும் இதை நம்பிவிடுகிறார். "நான்தானே சார் ஒத்துக்கிட்டேன், இப்ப எப்படிக் கேக்கிறது?" என்று தயங்குகிறார்.

தாராளமாகக் கேட்கலாம். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே சம்பளம் பேசி முடித்தால் அந்தப் பேச்சே செல்லாது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பழைய சட்டம் அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. இப்போது எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும்.

உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய 1982 தீர்ப்பில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது. யாரும் அடித்து மிரட்டி வேலைக்கு இழுத்து வர வேண்டியதில்லை. வேறு வழியில்லாமல் பசியால் ஒருவர் ஒத்துக்கொள்வதும் கட்டாயம்தான். வேலை கேட்டு நிற்பவரின் நிலைமையைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு அது. "எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை" என்ற வாதத்துக்கும் சட்டத்தில் இடமில்லை.

அடுத்து ஓ.டி. இங்கேதான் பணம் அதிகமாகக் கைநழுவிப் போகிறது, பலருக்கு எவ்வளவு போகிறது என்றே தெரிவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வையுங்கள். வார விடுமுறை போக 26 நாள் என்று வகுத்தால் நாளுக்கு 600. எட்டு மணி நேரத்துக்கு 600 என்றால் மணிக்கு 75. கூடுதல் நேரத்துக்குச் சட்டம் சொல்வது இரட்டிப்பு, அதாவது மணிக்கு 150. தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் மாதத்துக்கு 52 மணி நேரம், 7,800 ரூபாய். சரியாகப் பாதிச் சம்பளம்! இதற்குப் பதிலாக மணிக்கு அதே 75 ரூபாயைக் கொடுத்துவிட்டு "ஓ.டி. கொடுத்துவிட்டோம்" என்பார்கள். அல்லது டீ, டிபன் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். "எல்லாம் சேர்த்துத்தான் சம்பளம்" என்ற வரியை மட்டும் ஆர்டரில் எழுதி வைப்பவர்களும் உண்டு. இவை எதுவும் இரட்டிப்பு ஓ.டி. ஆகாது. கொரோனா காலத்தில் குஜராத் அரசு தொழிற்சாலைகளுக்கு இரட்டிப்பிலிருந்து விலக்கு கொடுத்தபோது, 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, நிலுவையைக் கொடுக்கச் சொன்னது.

அப்புறம், அடையாள அட்டையில் 'சூப்பர்வைசர்' என்று போட்டுவிட்டாலே ஓ.டி. கிடையாது என்பதும் தவறான எண்ணம். பதவியின் பெயரை விட அன்றாடம் செய்யும் வேலைதான் முக்கியம். காண்ட்ராக்ட்காரர் கொடுக்காமல் ஏமாற்றினால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் அந்தச் சம்பளத்துக்குப் பொறுப்பு.

என்னிடம் வருபவர்களில் பலர் "ஆதாரம் ஒன்றுமே இல்லையே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். செக்யூரிட்டி வேலை பார்த்த ஒருவரும் அப்படித்தான் சொன்னார். பேசப் பேசத்தான் தெரிந்தது, ஷிப்ட் மாறும்போது சார்ஜ் கொடுக்கும் நோட்டின் பக்கங்களை அவர் தினமும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். சாவி எண்ணிக்கை குறைந்தால் தன் தலையில் விழும் என்ற பயத்தில் எடுத்த படங்கள் அவை. ஒவ்வொன்றிலும் காலை எட்டு, இரவு எட்டு என்று நேரமும் இருவர் கையெழுத்தும் இருந்தன. அவர் வழக்குக்கு அதைவிட நல்ல ஆதாரம் தேவைப்படவில்லை.

இந்தப் படங்கள்கூட இல்லாதவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். புதிய சட்டப்படி, சம்பளத்தைக் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். பதிவேடு வைப்பதும் சம்பளச் சீட்டு கொடுப்பதும் அவர் கடமை. ஆனாலும் சொந்தமாக ஒரு சின்ன டைரி வைத்து, வந்த நேரம், போன நேரம், அன்று யார் பொறுப்பில் இருந்தார் என்று எழுதி வாருங்கள். அன்றன்றைக்கு எழுதிய குறிப்புக்கு மதிப்பு உண்டு.

குறைவாக வந்த ஊதியத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனு போடலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதம்தான். தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். தொழிற்சங்கமும் உங்கள் சார்பில் மனு செய்யலாம். பாக்கித் தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் விசாரிக்கும் அதிகாரிக்கு உண்டு.

வேலையை விட்டு நிற்பவர்களுக்கு ஒன்று. நீங்களாக நின்றாலும் அவர்கள் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். அப்போது நீட்டும் வவுச்சரில் தொகை எழுதாமல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அதனால் எல்லாம் போயிற்று என்று வீட்டில் இருந்துவிடாமல், அந்த மூன்று ஆண்டுக் கெடு முடிவதற்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.