பின்னால் போக மறுக்கும் கை

எதிர்வீட்டு அக்காவுக்கு 52 வயது. ஒருநாள் காலையில் ரவிக்கை போடும்போது இடது கை பின்னால் போகவில்லை. "ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தேன், வாயு பிடிச்சிருக்கு" என்று பூண்டு ரசம் வைத்துக் குடித்தார். இரண்டே மாதத்தில், தலை பின்னிவிட மகள் வரவேண்டியதாயிற்று. சுளுக்கு எடுப்பவர் ஒருவர் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட, அன்று இரவு முழுக்க உட்கார்ந்தே விடிந்தது.

பிசியோதெரபிஸ்டிடம் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அவர் செய்த முதல் சோதனையை நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, 90 டிகிரி மடக்கி, கதவைத் திறப்பதுபோல முன்கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அக்காவின் வலது கை தாராளமாகத் திரும்பியது. இடது கை கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. பிறகு பிசியோதெரபிஸ்டே அந்தக் கையைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். அதே இடத்தில் நின்றது.

விஷயம் இந்த இரண்டாவது படியில்தான் இருக்கிறது. தசைநார் கிழிந்திருந்தால் நம்மால் கையைத் தூக்க முடியாது. அடுத்தவர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் போகும். யார் திருப்பினாலும் போகவில்லை, எக்ஸ்ரேயிலும் மூட்டுத் தேய்மானம் இல்லை என்றால், இறுகிப்போனது மூட்டைச் சுற்றியிருக்கும் உறை. ஃப்ரோசன் ஷோல்டர் என்பது இதுதான். சித்த மருத்துவத்தில் கும்பவாதம் என்பார்கள். ஜப்பானியர்கள் வைத்த பெயருக்கு 'ஐம்பது வயதுத் தோள்' என்று பொருள். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

தோளைப் பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் அது கிண்ணம் இல்லை, ஆழமில்லாத தட்டு. மேல்கை எலும்பின் உருண்டைத் தலையில் ஏறக்குறைய கால் பங்குதான் ஒரு நேரத்தில் அந்தத் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவாமல் நான்கு தசைகளின் நார்களும், சுற்றிலும் ஒரு உறையும் பிடித்துக்கொள்கின்றன. தையற்காரர் அக்குளில் கொஞ்சம் துணியைத் தாராளமாக விட்டுத் தைப்பாரே, அதுபோல இந்த உறையின் அடிப்பக்கத்தில் ஒரு மடிப்புத் தொங்கும். கையைத் தூக்கும்போது அந்த மடிப்புதான் விரிந்து இடம் கொடுக்கிறது.

முதலில் உறையில் அழற்சி வருகிறது. பின்னால் அங்குள்ள செல்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கண்டபடி உற்பத்தி செய்து, தாங்களும் சுருங்குகின்றன. ஆறும் புண்ணை இழுத்து மூடும் செல்களும் இதே இனம்தான். இங்கே புண் இல்லாமலேயே இழுக்கின்றன. மடிப்பு மறைந்து, உறையின் கொள்ளளவு 10 மில்லிலிட்டருக்கும் கீழே போய்விடுவதுண்டு.

பொதுவாக நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் இந்தத் தொல்லை, சர்க்கரை நோயாளிகளிடம் அதைப்போலப் பல மடங்கு. ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் சர்க்கரை கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது. தைராய்டு கோளாறும் ஒரு காரணம். எலும்பு முறிவுக்காகக் கையைத் தொட்டிலில் போட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் இருப்பதும் காரணம். காரணமே தெரியாமல் வருவதும் உண்டு. அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதே இந்தத் தோளால்தான் தெரியவந்தது.

சிகிச்சை என்றதும் எண்ணெய் ஞாபகம் வரும். தேய்க்கலாம், இதமாக இருக்கும், தசை தளரும். ஆனால் எண்ணெய் அந்த உறை வரை இறங்காது. நொச்சி இலையோ உப்போ வறுத்து ஒத்தடம் கொடுப்பது பயிற்சிக்கு முன் நல்லது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடலாம். வேறொருவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.

உண்மையான மருந்து அசைவு. அதுவும் அடக்கமான அசைவு. நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட வேண்டும். உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக வட்டமிடும். 1934-ல் ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர் வைத்த அமெரிக்க மருத்துவர் காட்மனின் பெயரில்தான் இந்தப் பயிற்சி வழங்குகிறது. அடுத்தது சுவர்: விரல்களை எறும்புபோல மேலே ஊர விட்டு, வலி எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் சீக்கிரம் சரியாகும் என்று நினைப்பவர்கள், நெதர்லாந்தில் 77 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். வலி எல்லையைத் தாண்டாமல் மெல்லப் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டில் தோள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. வலியை மீறி நீட்டி இழுக்கப்பட்டவர்களில் 63 சதவீதம்தான். சுளுக்கு எடுப்பவர் மேல் எனக்குக் கோபம் வந்தது இதைப் படித்த பிறகு.

வலி தூங்கவிடாத ஆரம்ப மாதங்களில் ஸ்டீராய்டு ஊசி உதவும். சர்க்கரையைச் சில நாட்கள் ஏற்றிவிடும் என்பதை மட்டும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். எப்படியும் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு பிடிக்கலாம். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிச்சமிருக்கும்.

தோளில் வலித்தாலும் கோளாறு வேறெங்கோ இருப்பதுண்டு. இடது தோள் வலியோடு நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்தால் ஒத்தடம் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது தோளில் குத்தினால், பித்தப்பைக் கல்லையும் சந்தேகிக்கலாம்.

அக்கா சமையலறைச் சுவரில் தினமும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறார். முதல் கோடு மிக்ஸி சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரத்துக் கோடு தினசரி காலண்டரின் அடிவிளிம்பில். நடுவே ஒரு மூன்று வாரம் எல்லாம் ஒரே இடத்தில் அப்பிக் கிடக்கின்றன.