மாத்திரையின் நிறம் மாறினால் மருந்தும் மாறிவிட்டதா? சிங்கப்பூர் விதி என்ன சொல்கிறது

பலதுறை மருந்தகத்தில் போன முறை வெள்ளையாக வந்த மாத்திரை இந்த முறை மஞ்சளாக வந்தால், வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன, மலிவானதைத் தலையில் கட்டிவிட்டார்களா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் இங்கே அந்த மஞ்சள் நிறத்துக்கும் சேர்த்துத்தான் நிறுவனம் அனுமதி வாங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் விற்கும் மேற்கத்திய மருந்துகள் பொதுவாகச் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2016 நவம்பரிலிருந்து இது சுகாதாரப் பொருட்கள் சட்டத்தின்கீழ் வருகிறது. பதிவுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் சொன்னால் போதாது. நிரப்புவதற்குப் போட்ட மாவு, ஒட்டவைக்கும் பொருள், வயிற்றில் உடைந்து கரையச் செய்யும் பொருள், மேல்பூச்சு, சாயம் என ஒவ்வொன்றும் எவ்வளவு, எதற்காக என்று எழுத வேண்டும். 5 மில்லிகிராம் மாத்திரை என்றால் மருந்து 5 மில்லிகிராம்தான், மீதி எடையெல்லாம் இந்தத் துணைப்பொருட்கள்.

வேலை செய்யாத பொருளுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? காரணம், அது நோயைத்தான் தொடாது, மருந்தைத் தொடும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபினை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளில் மிகச் சாதாரணமாகப் போடும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, ஈரம் சேர்ந்தால் அம்லோடிபினோடு வினைபுரிந்து அதைச் சிதைக்கக்கூடியது. அதனால்தான் அம்லோடிபின் மாத்திரைகள் பலவற்றில் லாக்டோஸுக்குப் பதிலாக நுண்படிக செல்லுலோஸும் கால்சியம் பாஸ்பேட்டும் இருக்கும். ஆஸ்பிரின் இன்னொரு ரகம். ஈரம் பட்டால் உடைந்து அசிட்டிக் அமிலம் வரும், பழைய டப்பாவைத் திறந்ததும் அடிக்கும் புளித்த நெடி அதுதான். எந்திரத்தில் ஒட்டாமலிருக்க வழக்கமாகச் சேர்க்கும் மக்னீசியம் ஸ்டியரேட்டே அந்தச் சிதைவை வேகப்படுத்தும் என்பதால் ஸ்டியரிக் அமிலத்தைப் போடுவார்கள்.

மேல்பூச்சு என்றாலே ஈரத்துக்குக் காப்பு என்று நினைக்கிறோம். அப்படியில்லை. பரவலாக இருக்கும் ஹைப்ரோமெல்லோஸ் பூச்சு பெரும்பாலும் கசப்பை மறைக்கவும் விழுங்க எளிதாக்கவும்தான். ஈரத்தைத் தடுக்க வேண்டுமென்றால் பாலிவினைல் ஆல்கஹால் வகைப் பூச்சு சிறந்தது. பூச்சையும் பெரும்பாலும் தண்ணீரில் கரைத்துத்தான் தெளிக்கிறார்கள், ஆகவே ஈரம் தாங்காத மருந்து பூச்சுப் போடும்போதே கெட்டுவிடாமல் பார்க்க வேண்டும். வேடிக்கைதான்.

அப்புறம் நம் ஊர்ப் பருவநிலை. ஐரோப்பாவில் 25 டிகிரியில் தாக்குப்பிடித்தது என்று சொன்னால் இங்கே செல்லாது. ஆசியான் வழிகாட்டி கேட்பது 30 டிகிரி செல்சியஸ், 75 விழுக்காடு ஈரப்பதத்தில் நீண்டகாலச் சோதனை, கூடவே 40 டிகிரியில் ஆறு மாத விரைவுச் சோதனை. மாத்திரையை அது விற்கப்படும் அட்டையிலோ புட்டியிலோ வைத்தே இதைச் செய்கிறார்கள். அட்டையில் அச்சடிக்கும் காலாவதித் தேதி இந்தச் சோதனைகளிலிருந்து வருவது.

சரி, அதே மருந்தை வேறு நிறுவனம் செய்து விற்கும் மாத்திரைக்கு வருவோம். துணைப்பொருளும் நிறமும் வேறாக இருக்கலாம், ஆனால் வாயால் உட்கொள்ளும் இத்தகைய மாத்திரை, முதலில் விற்பனைக்கு வந்த மூல மருந்தைப் போலவே ரத்தத்தில் சேர்கிறது என்று பொதுவாக நிரூபிக்க வேண்டும். பதிவான பிறகு நிறுவனம் தன் இஷ்டத்துக்குச் சேர்மானத்தை மாற்றவும் முடியாது, மாற்றத்தின் தன்மையைப் பொறுத்து ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும் அல்லது தெரிவிக்க வேண்டும். பெட்டியில் எஸ்.ஐ.என். (SIN) என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

இந்தக் காப்பெல்லாம் நிறுவனத்தின் பொட்டலத்தில் இருக்கும்வரைதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் குளியலறை அலமாரியில், அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து மாதக்கணக்கில் டப்பாவில் கொட்டி வைத்தால் 30 டிகிரிச் சோதனை உங்களுக்குப் பொருந்தாது. வாரப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு மட்டும் நிரப்புங்கள், அட்டையிலேயே இருக்கட்டும் என்று மருந்தாளர் சொன்னதை அப்படியே விடுங்கள். குடலில் கரையும்படி பூச்சுப் போட்டதையும், மெதுவாக மருந்தை விடும் வகையையும் அம்மாவுக்கு விழுங்கச் சிரமம் என்று இடித்துக் கொடுக்காதீர்கள். திரவமாகவோ வேறு மாத்திரையாகவோ கிடைக்குமா என்று கேளுங்கள்.

மருந்தகத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கும்போது உள்ளே தகவல் தாள் பெரும்பாலும் இருக்காது. கேட்டு வாங்கலாம், அதில் துணைப்பொருட்களின் பெயர்கள் பொதுவாக இருக்கும். சைவம் பார்ப்பவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மக்னீசியம் ஸ்டியரேட் தாவரத்திலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும், பெயரை வைத்து எது என்று சொல்ல முடியாது. மருந்தாளரிடம் சொன்னால் நிறுவனத்திடம் விசாரிக்க முடியும். பதில் வரும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.