குழந்தை பிறந்த பிறகும் வயிற்றை ஏன் அமுக்குகிறார்கள்?

"குழந்தையைக் கையில் கொடுத்த பிறகும் நர்ஸ் வந்து வந்து வயிற்றை அமுக்கிக்கொண்டே இருந்தார், உயிர் போகிற வலி, அது எதற்கு?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். டாக்டர் இருக்கும்போது மருத்துவச்சிக்கு என்ன வேலை என்றும் கேட்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

பனிக்குடம் உடைவது, கர்ப்பப்பை வாய் பத்து சென்டிமீட்டர் விரிவது, தலை வெளியே வருவது எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. சினிமாவில் குழந்தை அழுததும் காட்சி முடிந்துவிடும். பிரசவ அறையில் தாய்க்கு மிக ஆபத்தான நேரம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. உலகம் முழுக்கத் தாய்மார்களைப் பலிகொள்ளும் காரணங்களில் முதலிடம் உதிரப்போக்குக்குத்தான், ஆண்டுக்குச் சுமார் 70,000 பேர்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போகிறது, உடம்பில் மொத்தம் இருப்பதே ஐந்தாறு லிட்டர். நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில், ஒரு தட்டு அகலத்துக்கு, சுமார் நூறு ரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். விரலை வெட்டிக்கொண்டால் குழாயின் சுவரில் இருக்கும் தசை தானே இறுகி ரத்தத்தைக் குறைக்கும். இந்தக் குழாய்களால் அது முடியாது. ஏனென்றால் கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே நஞ்சுக்கொடியின் செல்கள் இவற்றுக்குள் புகுந்து, சுவரில் இருந்த தசையை அகற்றி, இறுகவே தெரியாத அகலக் குழாய்களாக மாற்றிவிடுகின்றன. குழந்தைக்கு ரத்தம் தடையில்லாமல் போக அதுதான் வழி. சரி, இறுகத் தெரியாத குழாயைப் பிரசவத்தன்று யார் மூடுவது?

கர்ப்பப்பையின் தசைதான். அதன் நடு அடுக்கில் இழைகள் நேர்வரிசையில் ஓடுவதில்லை, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ரத்தக்குழாய்களைச் சுற்றிச் சுற்றி வளைத்திருக்கின்றன. தசை சுருங்கும்போது, பாட்டியின் சுருக்குப்பையைக் கயிறு இழுத்து மூடுவதுபோல ஒவ்வொரு குழாயும் நெரிபடுகிறது. நூல் இல்லை, ஊசி இல்லை, நூறு குழாய்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்கின்றன! ரத்தம் உறைந்து அடைப்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். பாடப்புத்தகங்கள் இந்த இழைகளை 'உயிருள்ள கட்டுகள்' என்கின்றன. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் அந்தச் சுருக்கு இறுகியிருக்கிறதா என்று பார்க்க, அன்றாடப் பிரசவத்தில், கையைத் தவிர வேறு கருவி இல்லை. தொப்புளை ஒட்டிக் கை வைத்தால் கர்ப்பப்பை கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். பிசைந்த மாவுபோலக் கொழகொழவென்று இருந்தால் உடனே தேய்த்துச் சுருங்க வைக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை இந்தச் சோதனை. அவ்வளவு நேரம் டாக்டர் ஒரே கட்டிலருகே நிற்க முடியாது, மருத்துவச்சி நிற்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியம்மா, "கை வச்சதும் தெரியணும்னா நூறு வயிறு தொட்டிருக்கணும்டா" என்பார்.

பயிற்சியில் கைக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயங்கள் நிறைய. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் ஊசி, 10 யூனிட். நஞ்சுக்கொடியை வெளியே எடுக்கத் தொப்புள்கொடியை மெல்ல இழுக்கும்போது மறு கையால் கர்ப்பப்பையை மேல்நோக்கித் தாங்கிப் பிடிப்பது, சுருங்காத நிலையில் இழுத்தால் அது உள்வெளியாகப் புரண்டுவிடும். தாயைச் சிறுநீர் கழிக்க வைப்பது, நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. செவிலியர் படிப்பு முடித்தவர்களுக்கு 18 மாதங்கள் பேறுகாலப் பயிற்சி தரும் திட்டத்தை இந்திய அரசு 2018ல்தான் அறிவித்தது. மிகவும் தாமதம் என்பேன்.

கர்நாடகத்தின் பெலகாவி கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்து 2006ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கிராமத்துத் துணைச் செவிலியர்கள் (ஏ.என்.எம்.) பிரசவம் பார்த்து, பாதிப் பேருக்குக் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஆக்சிடோசினுக்குக் குளிர்பதனம் தேவை, மிசோப்ரோஸ்டாலுக்குத் தேவையில்லை. போலி மாத்திரை வாங்கியவர்களில் 12 சதவீதம் பேருக்கு உதிரப்போக்கு வந்தது, மருந்து வாங்கியவர்களில் 6.4 சதவீதம் பேருக்குத்தான். ரத்தத்தைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னால் குறைத்தே சொல்வோம் என்பதால், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேகரித்து அளந்தார்கள். 2023ல் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இப்படி அளந்து, அளவு மீறியதும் தேய்த்தல், மருந்து, டிரிப் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கியபோது, கடும் உதிரப்போக்கும் அதனால் வரும் அறுவை சிகிச்சையும் மரணமும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு! ஆராய்ச்சிப் பணம் பெரிய இயந்திரங்களுக்குப் போவதில் பத்தில் ஒரு பங்காவது இப்படிப்பட்ட கேள்விகளுக்கு வரவேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சீம்பால் ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தையின் நாக்கில் சேனை வைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. குழந்தை மார்பைச் சப்பும்போது தாயின் மூளையிலிருந்து சுரப்பதும் ஆக்சிடோசின்தான், கர்ப்பப்பை அதனாலும் சுருங்கும். ஊசிக்கு இது மாற்று இல்லை, ஆனாலும் தாய்க்கு உடம்பே தரும் உதவியை எதற்காகத் தடுக்க வேண்டும்?

கேள்வி கேட்ட வாசகிக்கு: அடுத்த பிரசவம் என்று ஒன்று வந்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்று உங்கள் நர்ஸிடமே கேளுங்கள். சொல்லித் தருவார். அந்தப் பந்து கெட்டியாக இருக்கிறதா, மெத்தென்று ஆகிறதா என்று நீங்களே தொட்டுப் பார்க்கலாம், மெத்தென்று இருந்தால் உடனே கூப்பிடலாம்.